சீனத் தலைப்புகளில் விக்கிப்பீடியா கட்டுரைகள்: ஒழுங்குபடுத்தவும் சரிபார்க்கவும் முழு வழிகாட்டி

தமிழ் விக்கிப்பீடியாவில் சீனா பற்றி எழுத வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம் பெரும்பாலும் ஒன்றுதான். தகவல் சரியாக இருக்கும். ஆனால் அது வேறு யாருடையதாகவோ இருக்கும். ஒரு ஜின் வம்சத்தின் ஆண்டு இன்னொரு ஜின் வம்சத்துக்குப் போயிருக்கும். ஒரு சுஜோவின் மக்கள்தொகை இன்னொரு சுஜோவில் போய் உட்கார்ந்திருக்கும். ஆள் யார், ஊர் எது என்று முடிவாகாமல் எதையும் சரிபார்க்க முடியாது. அதனால்தான் இங்கே அடையாளம் முதலில், சரிபார்ப்பு அடுத்து, எழுதுவது அதற்கும் பிறகு.

சீன மொழி தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன். எனக்கும் வாசிக்க வராது. ஓர் எழுத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துப் பார்க்கவும், நகலெடுத்து அகராதியில் தேடவும் வரும். இந்த வேலைக்கு அது போதும்.

1. கையில் இருக்க வேண்டியவை

பயனர் கணக்கு, ஒரு விரிதாள், விக்கித்தரவில் (ஒரே பொருள் பற்றிய பல மொழிக் கட்டுரைகளை ஓர் எண்ணில் இணைக்கும் தரவுத்தளம்) தேடும் பழக்கம், தொனிக் குறிகளோடு பின்யின் (சீன ஒலிப்பை உரோமன் எழுத்தில் எழுதும் முறை) காட்டும் ஓர் இணைய அகராதி, சீன நாள்காட்டியை மேலை நாள்காட்டிக்கு மாற்றும் கருவி. கடைசியாகச் சொன்னது தைவானின் அகாதெமியா சினிகா தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஈராயிரம் ஆண்டுக் காலத்துக்கு நாள் மாற்றித் தரும்.

மூன்று விஷயங்கள் மனதில் பதிந்திருக்க வேண்டும். ஒன்று, குடும்பப் பெயர் முன்னால் வரும். மாவோ சேதுங்கில் ‘மாவோ’தான் குடும்பப் பெயர், கட்டுரை நடுவில் அவரை ‘சேதுங்’ என்று சுருக்கினால், வீட்டு ஆள் கூப்பிடுவது போல் ஆகிவிடும். இரண்டு, ஒரே சொல் இரண்டு வரிவடிவங்களில் உண்டு. சீனப் பெருநிலத்திலும் சிங்கப்பூரிலும் எளியவரி, தைவானிலும் ஹாங்காங்கிலும் மரபுவரி. ஒன்றில் தேடிக் கிடைக்காதது மற்றதில் கிடைக்கும். மூன்று, பின்யின் 1958இல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஆங்கில நூல்களில் பெரும்பாலும் வேட்–கைல்சு என்ற பழைய உரோமன் எழுத்துமுறை. ‘மா சே துங்’, ‘சூ என் லாய்’ என்று பழைய தமிழ் நூல்களில் படிப்பது அந்த வழியில் வந்த பெயர்கள்.

2. எல்லையைச் சுருக்குங்கள்

புதியவர் எடுத்த எடுப்பில் ‘சீன வரலாறு’ கட்டுரையைத் திறப்பார். மூன்றாவது பத்தியில் களைத்துப் போவார். முடிக்கக்கூடிய ஒரு தொகுதியை எடுங்கள்: சுங் வம்சக் கவிஞர்கள், அல்லது மாகாண நிலை ஆட்சிப் பகுதிகள். இருபது, முப்பது பக்கங்களை முடித்தால் பெயர் மரபு, பகுப்பு முறை, தகவற்பெட்டி எல்லாம் அந்தத் தொகுதியிலேயே நிலைப்பட்டுவிடும். அடுத்த தொகுதி பாதி வேலைதான்.

சிறிய தொகுதி என்றாலும் கவனம் வேண்டும். மாகாண நிலைப் பகுதிகள் 34 என்று சீன அரசு சொல்கிறது: 23 மாகாணம், 5 தன்னாட்சிப் பகுதி, 4 நேரடி ஆட்சி மாநகரம், 2 சிறப்பு நிர்வாகப் பகுதி. அந்த 23இல் தைவானும் ஒன்று. ஆனால் தைவானைச் சீன மக்கள் குடியரசு ஆளவில்லை. பட்டியலின் தலைப்பிலேயே இதை ஒரு வரியில் சொல்லிவிட்டால் உரையாடல் பக்கத்தில் நடக்கவிருக்கும் பாதிச் சண்டை நடக்காது.

3. இருப்பதைக் கணக்கெடுங்கள்

புதுக் கட்டுரை தொடங்குமுன், அந்தத் தொகுதியில் ஏற்கெனவே உள்ள எல்லாப் பக்கங்களையும் விரிதாளில் இடுங்கள். நெடுவரிசைகள்: தமிழ்த் தலைப்பு, விக்கித்தரவு எண், சீன எழுத்து, தொனியோடு பின்யின், வாழ்ந்த ஆண்டு அல்லது மாகாணம், மேற்கோள் எத்தனை, கடைசியாகச் சரிபார்த்த நாள்.

இதில் உயிர்நாடி விக்கித்தரவு எண். பாடப்புத்தகத்தில் படித்த ‘யுவான் சுவாங்’, ஆங்கிலம் வழி வந்த ‘ஹியூன் சாங்’, பின்யினைப் பார்த்து எழுதிய ‘சுவான்சாங்’ மூவரும் ஒருவரே. தலைப்பை மட்டும் பார்த்தால் மூன்று ஆட்கள். எண்ணைப் பார்த்தால் ஒருவர். இரட்டைக் கட்டுரை இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும்.

இணைக்கும்போது ஒன்றிலிருந்து வெட்டி மற்றதில் ஒட்டிவிட்டு, பழையதை வெறுமையாக்கிவிடாதீர்கள். யார் எழுதியது என்ற வரலாறு தொலைந்துவிடும். எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்பதைத் தொகுப்புச் சுருக்கத்தில் எழுதி, பழைய பக்கத்தை வழிமாற்றாக (திறப்பவரைப் புதிய பக்கத்துக்கு அனுப்பும் பக்கமாக) ஆக்குங்கள்.

விக்கித்தரவு இணைப்பையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். தவறான உருப்படியோடு இணைந்த தமிழ்க் கட்டுரைகளை நானே பலமுறை பிரித்திருக்கிறேன். சீன எழுத்து, பிறப்பு இறப்பு ஆண்டு, ஊர் மூன்றும் ஒத்துப்போனால்தான் அந்த வரிக்கு ‘சரி’ போடுங்கள்.

4. பெயரை முடிவு செய்யுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். எல்லோரும் தாண்டிப் போவதும் இதையேதான்.

முதல் பிழை, பின்யினை ஆங்கிலம் போல் படிப்பது. ‘க்யூ’ எழுத்தைப் பார்த்ததும் சிங் வம்சம் ‘குயிங்’ ஆகிவிடும். பின்யினில் அந்த எழுத்து, ‘பச்சை’ என்னும்போது வரும் ‘ச்ச’வுக்குப் பக்கத்து ஒலி. ‘எக்ஸ்’ எழுத்து மென்மையான ‘ஷ’. ‘சி’ எழுத்து ‘த்ஸ’. அதனால் மூன்று அரசுகள் காலத்துத் தளபதி ‘காவோ காவோ’ இல்லை, ‘த்சாவ் த்சாவ்’. இயந்திர மொழிபெயர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போகும். சுங் வம்சத்தின் ஆங்கில எழுத்துக்கூட்டலைப் பார்த்து ‘பாடல் வம்சம்’ என்று அது எழுதித் தந்ததை, ஒருவர் அப்படியே பதிவேற்றியதை நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது சிக்கல் நம் எழுத்திலேயே இருக்கிறது. கி.மு. 221இல் சீனாவை ஒன்றாக்கிய வம்சம், கி.பி. 9 முதல் 23 வரை வாங் மாங் நடத்திய வம்சம், 266 முதல் 420 வரை ஒன்று, 1115 முதல் 1234 வரை சுர்சென் மக்களுடையது ஒன்று. கிரந்தம் இல்லாமல் எழுதினால் நான்குமே ‘சின்’. கிரந்தம் வேண்டுமா வேண்டாமா என்ற வாக்குவாதம் தமிழ் விக்கிப்பீடியாவில் பழையது. அதை இங்கே தீர்க்கப் போவதில்லை. ‘ஜ’ சேர்த்தாலும் கடைசி இரண்டும் ‘ஜின்’தான், சீனத்தில் எழுத்தும் தொனியும்தான் வேறு. ஆகவே எந்த எழுத்துமுறையை எடுத்தாலும் தலைப்பில் ஆண்டு சேருங்கள்: ஜின் வம்சம் (266–420), ஜின் வம்சம் (1115–1234). சுங்கும் அப்படியே, 420இல் தொடங்கி 479இல் முடிந்த லியு சுங் வேறு, 960 முதல் 1279 வரையிலான சுங் வேறு.

ஊர்ப் பெயரில் தொனி மட்டுமே வேறுபடும் இரட்டையர் உண்டு. தோட்டங்களுக்குப் பேர்போன சுஜோ ஜியாங்சு மாகாணத்தில். இன்னொரு சுஜோ அன்ஹுய் மாகாணத்தில். ஃபூஜோ ஃபூஜியானிலும் உண்டு, ஜியாங்சியிலும் உண்டு. மாகாணங்களிலேயே ஓர் இரட்டை: சுடுமண் படை கிடைத்த சிஆன் இருப்பது ஒரு ஷான்சியில், யுன்காங் குகைகள் இருப்பது பக்கத்து ஷான்சியில். ஆங்கிலத்தில் முன்னதற்கு ஓர் எழுத்தைக் கூடுதலாகப் போட்டுப் பிரித்தார்கள். தமிழில் ‘ஷாஆன்சி’, ‘ஷான்சி’ என்று நான் எழுதுகிறேன். அழகாக இல்லைதான். குழப்பத்துக்கு அழகின்மை மேல்.

ஏற்கெனவே நிலைத்த பெயரைத் திருத்தாதீர்கள். கன்பூசியசைக் ‘கோங் ஃபூசி’ ஆக்கினால் யாரும் தேடி வரமாட்டார்கள். சுன் யாட்-சென் கான்டனீசு உச்சரிப்பில் உலகறிந்த பெயர். சீனாவில் அவர் சுன் சோங்ஷான். அது வழிமாற்றாக இருக்கட்டும்.

பேரரசர்கள் தனி ரகம். ஒருவருக்கே இயற்பெயர், ஆட்சிக்காலப் பெயர், இறந்தபின் வைத்த கோயில் பெயர் என்று குறைந்தது மூன்று பெயர் இருக்கும். சு டி, யோங்லெ, மிங் செங்சு மூன்றும் ஒரே ஆள். மிங், சிங் வம்சத்தாருக்கு ஆட்சிக்காலப் பெயரையும் (யோங்லெ, காங்சி), தாங், சுங் வம்சத்தாருக்குக் கோயில் பெயரையும் தலைப்பாக வைப்பது உலக வழக்கு. அதையே பின்பற்றுங்கள்.

முடிவு செய்த பெயர்களை விரிதாளோடு நிறுத்தாமல் திட்டப் பக்கத்தில் அட்டவணையாகப் போடுங்கள். அடுத்து வருகிறவர் புதிதாக ஓர் எழுத்துக்கூட்டலைக் கண்டுபிடிக்க வேண்டியிருக்காது.

5. வழிமாற்று, நெறிப்படுத்தல், பகுப்பு

பெயர் முடிவானதும், முடிவாகாத மற்ற வடிவங்கள் எல்லாவற்றுக்கும் வழிமாற்று. ஒரே பெயருக்கு இரண்டு ஆள் அல்லது ஊர் என்றால் பக்கவழி நெறிப்படுத்தல் பக்கம் (எது வேண்டும் என்று வாசகர் தேர்ந்தெடுக்கும் பட்டியல்). இதைச் செய்தபின், அந்தத் தலைப்புக்கு வரும் உள்ளிணைப்புகளை ‘இப்பக்கத்தை இணைத்தவை’ வழியாக ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் அன்ஹுய் கட்டுரையிலிருந்து ஜியாங்சு சுஜோவுக்குப் போகும் இணைப்பு இப்படித்தான் பிடிபடும்.

பகுப்பு கடைசி. பெயர் மாறினால் பகுப்பும் மாறும் என்பதால் முன்கூட்டியே பகுப்புகளை உருவாக்குவது வீண். மூன்று கட்டுரைகூடச் சேராத பகுப்பு வேண்டாம்.

6. ஆண்டும் வயதும்

இனிச் சரிபார்ப்பு. முதலில் ஆண்டு, ஏனென்றால் ஆண்டு தவறினால் ஆளே மாறிவிடக்கூடும்.

கவிஞர் சு ஷியை எடுத்துக்கொள்வோம்; சு தோங்போ என்றாலும் அவரே. அவர் பிறந்தது சிங்யோ ஆட்சிக்காலத்தின் 3ஆம் ஆண்டு, 12ஆம் மாதம், 19ஆம் நாள். சிங்யோ 3 என்றால் 1036 என்று அட்டவணை சொல்லும். ஆனால் சீனச் சந்திர ஆண்டின் கடைசி மாதம் மேலை நாள்காட்டியில் அடுத்த ஆண்டுக்குள் நுழைந்துவிடும். மாற்றிப் பார்த்தால் 1037 சனவரி 8. அவர் இறந்தது 1101 ஆகத்து மாதம். சீன நூல் ‘66 வயது’ என்னும். பிறந்தவுடனே ஒரு வயது, ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஒன்று என்பது அவர்கள் கணக்கு. 1101இலிருந்து 1036ஐக் கழிப்பவர் 65 என்பார். நம் கணக்கில் நிறைந்த வயது 64. மூன்று கட்டுரைகளில் மூன்று எண் இருந்தால் ஒருவர் பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை.

ஆகவே 11ஆம், 12ஆம் சந்திர மாதத் தேதி வந்தால் கட்டாயம் கருவியில் மாற்றிப் பாருங்கள். வயதைப் பிறர் சொன்னதிலிருந்து எடுக்காதீர்கள். இரண்டு தேதிகளைக் கொடுத்து, வயதைக் கணக்கிடும் விக்கி வார்ப்புருவையே கணக்கிட விடுங்கள்.

7. இடமும் எண்ணும்

சீன ஆட்சிப் பிரிவில் ‘நகரம்’ என்ற சொல் ஏமாற்றும். சோங்சிங்கை உலகின் மிகப் பெரிய நகரம் என்று எழுதுவார்கள். 2020 கணக்கெடுப்பில் அதற்கு 3.2 கோடி மக்கள். ஆனால் அந்த ‘மாநகரத்தின்’ பரப்பு சுமார் 82,400 சதுர கிலோமீட்டர். தமிழ்நாட்டின் பரப்பில் 60 விழுக்காட்டுக்கும் மேல். உள்ளே மலை, வயல், சிற்றூர் எல்லாம் உண்டு. எண் எந்த எல்லைக்கானது (முழு ஆட்சிப் பகுதியா, நகர்ப்புறம் மட்டுமா) என்பதையும் கணக்கெடுப்பு ஆண்டையும் சேர்க்காமல் மக்கள்தொகை எழுதாதீர்கள்.

அடுத்தது சுழியங்கள். சீனத்தில் எண்ணுவது பத்தாயிரம் (‘வான்’), பத்துக் கோடி (‘யீ’) என்ற அலகுகளில். ஆங்கிலத்தில் மில்லியன், பில்லியன். நமக்கு இலட்சம், கோடி. மூன்று மொழி தாண்டி வரும் எண் வழியில் ஒரு சுழியத்தைத் தொலைத்துவிடும். சோங்சிங் 32 மில்லியனை ‘32 இலட்சம்’ என்று போட்டுவிட்டு அதைக் கவனிக்காமலே போவது அடிக்கடி நடப்பது. 14.1 யீ என்றால் 141 கோடி; சீனாவின் மக்கள்தொகையே அதுதான் என்பதால், அந்த ஒன்றை நினைவில் வைத்தால் மற்றவற்றை ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

சில சமயம் இரண்டு எண்ணும் சரியாகவே இருக்கும். பெருஞ்சுவர் 8,850 கிலோமீட்டர் என்றது 2009 அறிவிப்பு. மிங் காலச் சுவருக்கானது. 21,196 கிலோமீட்டர் என்றது 2012 அறிவிப்பு. எல்லா வம்சத்துச் சுவர்களும் சேர்ந்தது. ஒன்றை அழித்து மற்றதைப் போடும் தொகுப்புப் போர் இதில் தேவையே இல்லை; இரண்டையும் எதற்கானது என்று சொல்லி எழுதினால் போதும்.

8. மேற்கோளைத் தோண்டுங்கள்

மேற்கோள் இருக்கிறதா என்று பார்ப்பது சரிபார்ப்பு ஆகாது. அந்த மேற்கோளில் அந்தச் செய்தி இருக்கிறதா என்று திறந்து பார்ப்பதுதான் சரிபார்ப்பு.

2022இல் சீன விக்கிப்பீடியாவில் ஒரு விவகாரம் வெளிவந்தது. ஒரே பயனர் பல ஆண்டுகளாக, இடைக்கால ருஷ்யா பற்றி இருநூறுக்கும் மேற்பட்ட கட்டுரைகளைப் பெரும்பாலும் கற்பனையாகவே எழுதியிருந்தார். மேற்கோள்கள் ருஷ்ய மொழியில் வரிசையாக இருந்தன. திறந்து பார்க்க யாருக்கும் அந்த மொழி தெரியாது. ஒரு வெள்ளிச் சுரங்கத்தைப் பற்றிக் கதைக்காகத் தேடிக்கொண்டிருந்த எழுத்தாளர் ஒருவர்தான் மேற்கோள்களைத் துருவிப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார். தமிழில் நாம் சீன மேற்கோள்களோடு இருப்பதும் அதே நிலையில்தான். உங்களால் திறந்து பார்க்க முடியாத சீன மேற்கோளை ஆங்கிலக் கட்டுரையிலிருந்து நகலெடுத்துப் போடாதீர்கள். நீங்கள் பார்த்த நூலை மட்டும் போடுங்கள்.

பைடு பைக்கெ என்ற சீன இணையக் களஞ்சியமும் பயனர்களே தொகுப்பதுதான். அதிலுள்ள சீன எழுத்தை எடுத்துத் தேட அது நல்ல இடம். மேற்கோளாகக் காட்ட உதவாது. சீன விக்கிப்பீடியா, ஆங்கில விக்கிப்பீடியா இரண்டுக்கும் இதே விதி. ஒரு விக்கிக்கு இன்னொரு விக்கி சாட்சி ஆகாது. பழைய சீன நூல்களின் மூலப் பாடத்துக்குச் சீன நூல் திட்டம் என்ற இணையத் தொகுப்பும், ஆட்களின் ஆண்டு, பதவி, உறவுக்கு ஹார்வர்டு, அகாதெமியா சினிகா, பீக்கிங் பல்கலைக்கழகம் சேர்ந்து நடத்தும் வாழ்க்கை வரலாற்றுத் தரவுத்தளமும் பயன்படும்.

ஒரு வாக்கியத்தை எடுத்துச் செய்து பார்ப்போம்: ‘போதிதருமர் காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசர்.’ ஒரு திரைப்படம் வந்தபிறகு இது எல்லா இடத்திலும் இருக்கிறது. மேற்கோளாகச் செய்தித்தாள் கட்டுரை. அதற்கு ஆதாரம் ஒரு வலைப்பதிவு. வலைப்பதிவுக்கு ஆதாரம் ஒரு விக்கிக் கட்டுரை. வட்டம் முடிந்தது. சரி, பழைய நூல்களுக்குப் போவோம். 547இல் யாங் சுவான்சி எழுதிய லோயாங் மடாலயங்கள் பற்றிய நூல் அவரைப் பாரசீகத்தவர் என்கிறது. சீடராகச் சொல்லப்படும் தான்லின் தென்னிந்தியர், ஓர் அரசனின் மூன்றாம் மகன் என்கிறார். 645இல் தாவ்சுவான் தென்னிந்தியப் பிராமணர் என்கிறார். காஞ்சி என்ற பெயர் இவற்றில் இல்லை. 1004இல் தொகுக்கப்பட்ட தியான மரபு நூல் ‘சியாங்சி’ என்னும் நாட்டரசனின் மகன் என்கிறது. அதைக் காஞ்சியோடு பொருத்துவது பிற்கால ஆய்வாளர்களின் ஊகம்.

ஆகவே கட்டுரையில் எழுத வேண்டியது: பழைய நூல்கள் எவை, எவ்வெவ்வாறு சொல்கின்றன, காஞ்சித் தொடர்பு எப்போது வந்தது. நமக்குப் பெருமை குறைகிறதே என்று ஒருவர் உரையாடல் பக்கத்தில் வருத்தப்படுவார். ஆண்டுகளைக் காட்டுங்கள், பெருமையைப் பற்றிப் பேச வேண்டாம்.

தமிழர்களாகிய நமக்கு ஓர் அனுகூலமும் உண்டு. ஃபூஜியான் துறைமுக நகரமான சுவான்சோவில் கிடைத்த 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டையும், மிங் காலக் கடற்படைத் தலைவர் செங் ஹெ இலங்கையின் காலி நகரில் வைத்த 1409ஆம் ஆண்டு மும்மொழிக் கல்வெட்டின் தமிழ்ப் பகுதியையும் மூலத்திலேயே படித்துச் சரிபார்க்கக் கூடியவர்கள் நாம். சோழர் தூது பற்றிய சுங் வரலாற்றுக் குறிப்பில் அரசன் பெயர் ‘லுவோச்சா லுவோஜா’. உச்சரித்துப் பாருங்கள், இராசராசன் கேட்கும். தூது சீனாவை அடைந்தது 1015. வழியில் 1,150 நாள் ஆனதாக அதே குறிப்பு சொல்கிறது. இராசராசன் 1014இல் இறந்துவிட்டார். ‘1015இல் இராசராசன் தூது அனுப்பினார்’ என்று எழுதினால் தவறு. ‘அனுப்பிய தூது 1015இல் சேர்ந்தது’ என்றால் சரி.

9. சர்ச்சையான எண்ணும் பெயரும்

1959–61 பஞ்சத்தில் இறந்தவர்கள் பற்றிய மதிப்பீடுகள் சுமார் 1.5 கோடியிலிருந்து 5.5 கோடி வரை இருக்கின்றன. நடுவில் ஒன்றைப் பொறுக்கி எழுதுவது நடுநிலை அல்ல. வீச்சைக் கொடுத்து, எந்த மதிப்பீடு யாருடையது, எந்தத் தரவிலிருந்து என்று சொல்லுங்கள். சின்ஹுவா அரசுச் செய்தி நிறுவனம். அரசு என்ன அறிவித்தது என்பதற்கு நல்ல ஆதாரம், அது உண்மையா என்பதற்குத் தனி ஆதாரம் வேண்டும்.

‘சீன ஊடகத்துக்கு மட்டும்தானா இந்த விதி’ என்று கேட்பவர்களுக்கு: வெளிநாட்டு ஊடகத்துக்கும் இதே அளவுகோல்தான். சொன்னது யார் என்று எழுதிவிட்டால் பாதிக் கவலை தீரும்.

10. பதிவு வையுங்கள்

ஒவ்வொரு பக்கத்தின் உரையாடலிலும் எதைப் பார்த்தீர்கள், எதைப் பார்க்கவில்லை என்று இரண்டு வரி போடுங்கள்: ‘பிறப்பு, இறப்பு மாற்றிச் சரிபார்த்தது, படைப்புகள் பட்டியல் பார்க்கவில்லை.’ ‘சரிபார்த்தாயிற்று’ என்று மட்டும் போட்டால் அடுத்தவர் எல்லாவற்றையும் பார்த்ததாக நினைத்துக்கொள்வார். நானும் ஒருமுறை அப்படிப் போட்டுவிட்டு, ஆறு மாதம் கழித்து நானே அதை நம்பி ஏமாந்தேன்.

பக்கங்களைக் கவனிப்புப் பட்டியலில் சேருங்கள். வம்சம், கவிஞர் கட்டுரைகள் பெரும்பாலும் அப்படியே இருக்கும். மாகாணம், மாநகரம் பற்றியவற்றை அடுத்த கணக்கெடுப்பு வந்ததும் திறக்க வேண்டும். சீனாவில் அது பத்தாண்டுக்கு ஒருமுறை, சுழியத்தில் முடியும் ஆண்டில் நடக்கும். விரிதாளின் கடைசி நெடுவரிசையில் அந்தப் பக்கங்களுக்கு மட்டும் 2030 என்று குறித்து வையுங்கள்.